சிவப்புத் துணி கட்டிய சவுக்கு மரம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம், அதனால் இந்த நினைவுமலரில் நான் எழுதவேண்டும் என்று அண்ணன் மகன் சொல்லிவிட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது யட்டவத்தை ஊருக்கு மேலே, இதே தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில். அப்பா சீக்கிரமே காலமானதால் பதினான்கு வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தார். கால் ஒடிந்த நாய், தாயில்லாத ஆட்டுக்குட்டி எல்லாம் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில்தான் கிடக்கும். அதைவிடச் சின்ன உயிர்கள்மேல்தான் அவருக்கு உயிர். எறும்பு முட்டை தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே சோற்றை ஆறவிடுவார். புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை கொடுத்தார்கள். அடிக்கும் முன் புல்லைக் குச்சியால் தட்டிவிடுவார். "என்னாப்பா, பூச்சிக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்துட்டியா?" என்று கங்காணி கேலி செய்வார். "குடுத்தாச்சுங்க, ரெண்டு நத்தைதான் இன்னும் கெளம்பல" என்பார் அண்ணன்.

அண்ணி கண்மூடிய பிறகும், வேலையிலிருந்து நின்ற பிறகும், ஆட்டுக்குப் புல்லறுக்க மலைக்குப் போய்வருவார். அப்படித்தான் சவுக்கு மரக் கவட்டில் குளவிக்கூட்டைக் கண்டார். தோட்டத்தில் சொன்னால் பந்தம் வைத்துக் கொளுத்திவிடுவார்கள்.

"குஞ்சு பறக்கிற மட்டும் பொறுக்கணும் தங்கச்சி. ஒன் பழைய சேலையில ஒரு துண்டு குடு."

என் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். மரத்தில் அதைக் கட்டி, அடியில் ஒரு கல்லை நட்டார். சாமி மரம் என்று நினைத்துப் பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பக்கத்துக் காம்பரா ராணி சொன்னாள்: "புள்ளைக்கு நாலு நாளாக் காய்ச்சல் விடல பெரியம்மா. அந்த மரத்துச் சாமிக்குச் சூடம் கொளுத்திட்டு வேலைக்குப் போறேன்."

சுற்றிலும் ஆட்கள். அது சாமியில்லை, குளவிக்கூடு என்று சொன்னால் அண்ணனைச் சிரிப்பார்களே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சூடப் புகை கூட்டுக்கு ஏறி, குளவி கலைந்துவிட்டது. ராணியின் சத்தம் கேட்டு, புல்லறுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஓடினாராம். "கைய வீசாத புள்ள, படு!" என்று கத்தி, சாக்கை ராணிமேல் போட்டு, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ராணி புள்ள?" என்று கேட்டார். பிழைத்துவிட்டாள் என்றேன். "கூடு?"

"கொளுத்திட்டாங்கண்ணே."

"மொதல்லயே நான் கொளுத்தியிருக்கணும் தங்கச்சி" என்றார். அதன்பிறகு பேச்சில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அண்ணனைக் கம்பளியில் கட்டி றோட்டுவரை சுமந்த பையன்களுக்கும், லொறி கொண்டுவந்த முஸ்லிம் முதலாளிக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட லயத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ராணிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். சாமிதான் உன்னைக் காப்பாற்றியது என்று இன்னும் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போகிறாய். திருநீறு கொண்டுவந்து எனக்கும் பூசிவிடுகிறாய். ஒரு வருடமாக நானும் நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த மரத்தில் இருப்பது என் சேலைத் துண்டு, மகள். பீலியடியில் நீ சொன்னபோதே அது எனக்குத் தெரியும்; மேலே கூடு இருப்பதும் தெரியும். இதைப் படித்த பிறகு நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கதவு திறந்துதான் இருக்கும்.