பணயத்துக்கு வீடு பார்க்க வந்தவர்கள்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு தை மாதத்தில் நடந்தது இது. இடம், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாங்கள் கட்டிய மூன்று சின்ன வாடகை வீடுகள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவர் இங்கே ஒரு சுக்கு மண்டியில் வேலைக்கு வந்தார். நான் இட்லி மாவு விற்றேன். எப்படியோ ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டோம். அதன் பின்னால் கால்வாய்க்கரை வரை காலி இடம் கிடந்தது. அங்கே போய் நின்றால் எனக்குப் பொழுது போவதே தெரியாது. மண்ணில் கோலமாவால் அறைகள் வரைந்து வைத்திருந்தேன். துணி காயப்போடப் போகும்போதுகூட, இல்லாத சுவரில் இடிக்காமல், கோட்டில் விட்ட வாசல் வழியாகத்தான் உள்ளே போவேன். என் கணவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "மகாராணி எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டுமே. அந்த வீடுகளுக்கு மேல் ஒரு மாடியும் என் மனதில் இருந்தது. அதன் ஜன்னலில் நின்றால் கப்பல் போவது தெரியும்.

கனவுக்கு சிமெண்ட் வேண்டாம், வீட்டுக்கு வேண்டுமே. வங்கி பாதிக்குத்தான் கடன் கொடுத்தது. மீதிக்கு இந்த ஊர் வழக்கம் கைகொடுத்தது. மட்டாஞ்சேரியில் மாத வாடகைக்குப் பதிலாகப் பணயத்துக்கு வீடு விடுவார்கள். குடிவருகிறவர் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார். காலி செய்யும்போது அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது எந்த வீட்டுக்காரர் கையிலும் அந்தப் பணம் இருக்காது என்பது ஊருக்கே தெரியும். அடுத்து வருகிறவர் கொடுக்கும் பணயத்தை வாங்கித்தான் போகிறவருக்குக் கொடுப்பார்கள். பஸ்ஸில் சீட்டு மாதிரி, ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும்.

நடுவீட்டை அப்படித்தான் விட்டோம். வந்தவர்கள் தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாவுக்கு என் வயதுதான். தெருவே அவரை அக்கா என்ற பொருளில் இத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைச் சேச்சி என்பார். அவர் தன் நகையை விற்றுக் கொடுத்த பணயம்தான் மூன்று வீட்டுக்கும் கூரையாக ஏறியது. மற்ற இரண்டு வீட்டு வாடகையில் வங்கித் தவணை ஓடியது.

நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. எங்கள் பழைய வீட்டுக்கு வாசலில் உயரமான படிகள். புது வீடுகளுக்கு அவ்வளவு உயரம் எதற்கு, மண் அடிக்கும் செலவு மிச்சம் என்று தரையோடு தரையாகக் கட்டிவிட்டோம். நாங்கள் கட்டியது சித்திரையில். கால்வாய் அப்போது பூனை மாதிரி கீழே சுருண்டு கிடந்தது.

இங்கே விருச்சிகம் என்கிற கார்த்திகை பிறந்து, ஒருநாள் விடியும்போது, இத்தா என் கதவைத் தட்டினார். பின்னால் போய்ப் பார்த்தேன். வேலியேற்றம் என்பார்கள் இங்கே. கடல் பொங்கிக் கால்வாய் வழியே ஏறியிருந்தது. சத்தமே இல்லை. மூன்று வீட்டுக்குள்ளும் தண்ணீர் கண்ணாடி போல நின்றது. ஒரு செருப்பு அடுப்படியிலிருந்து வாசலுக்கு மெதுவாக வந்துகொண்டிருந்தது. முதல் வெயில் பட்டதும் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஏறி அலையலையாக ஆடியது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அழகாக இருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. இத்தாவும் திரும்பிப் போய்க் கட்டிலில் காலைத் தூக்கி உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பலகார நேரத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரில் உப்புக் கறை மட்டும் மிஞ்சியது.

அதன்பின் விட்டுவிட்டு ஏறிய தண்ணீர் தையில் நின்றது. அப்போதுதான் இத்தா வந்து, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். அவர் கணவருக்கு ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தினமும் போய் வந்து ஆள் பாதியாகிவிட்டார். அங்கேயே ஒரு வீடு பார்த்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பணயம் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். எங்களுக்கும் வேறு வழியில்லை. அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் பழைய வீட்டை அடகு வைக்க வேண்டும்.

சுவருக்கு வெள்ளையடித்தோம். வெயிலில் வீடு புதுப்பெண் மாதிரி நின்றது. தேவராவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். எல்லா அறையும் பிடித்துவிட்டது. அந்தப் பெண் இத்தாவிடம் திரும்பி, தண்ணீர் ஏறுமா என்று கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறும். விருச்சிக மாசம் பிறந்தா விடியக்காலம் வரும்" என்றார் இத்தா. குனிந்து, புது வெள்ளைச் சுவரில் முழங்காலுக்குக் கீழே கையை வைத்து, "இவ்வளவு" என்று காட்டினார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அடுத்து ஓட்டல் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பையன் புது மனைவியோடு வந்தான். அதே கேள்வி, அதே பதில், அதே கை. அவர்களும் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த அம்மா தானும் கெட்டு என்னையும் அல்லவா கெடுக்கிறாள்!

"இத்தா, அது உங்க பணம்தானே? நாளைக்கு ஏலூர் வீடு போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் எனக்குச் சாயா ஊற்றிக்கொண்டே, "வெஷமிக்காதீங்க சேச்சி, கவலைப்படாதீங்க" என்றார். "நான் இல்லேன்னு சொல்லிட்டுப் போனா, விருச்சிகத்துல அந்தப் புதுப்பொண்ணு, கொச்சு மோள், கட்டில்ல காலைத் தூக்கிட்டு இருக்கும்போ என்னைத்தானே நெனைப்பா? ஏலூர்ல எனக்கு உறக்கம் வரண்டாமா?"

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் கண்ணை மூடியதும் அந்த வெள்ளைச் சுவரும் அதில் ஒரு கையும்தான் தெரிந்தன.

மாதக் கடைசி நெருங்கியபோது, துணி தேய்க்கும் தொழில் செய்கிற ஒரு தமிழ்ப் பெண் வந்தார். வீட்டை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. நேராக இத்தாவிடம்தான் கேட்டார். இத்தா குனிந்து கையை வைத்துக் காட்டினார். அந்தப் பெண்ணும் குனிந்து பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"போன வீட்லயும் கேட்டேன்க்கா. தண்ணியே வராதுன்னு சத்தியம் பண்ணாங்க. நம்பித் தரையில மூட்டைய வெச்சேன். ஊரார் துணி மொத்தமும் உப்புத் தண்ணியில போச்சு. இப்ப பார்த்த வீடுங்கள்லயும் அதே பேச்சுதான். நீங்க அளவு சொல்லிட்டீங்க. நான் அதுக்கு மேல பலகை அடிச்சுக்குவேன்" என்றார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தண்ணீர் ஏறும் வீட்டுக்கு முழுப் பணயம் எப்படிக் கொடுப்பது என்று என்னிடம் பேரம் பேசிக் குறைத்துவிட்டார். குறைந்த தொகை என் தலையில் விழுந்தது. மாடிக்கென்று சேர்த்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த கம்பிகளை விற்றேன். வண்டியில் ஏற்றும்போது கப்பல் தெரியும் என் ஜன்னலும் கூடவே போவது போலிருந்தது. கண் கலங்கியது, மறைக்கவில்லை. கடைசி நாளன்று இத்தாவின் பணம் முழுசாக அவர் கைக்குப் போனது. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுததும் சிரித்ததும் யார் யார் என்று இப்போது நினைவில்லை.

அடுத்த வருடம் கடன் வாங்கி மூன்று வீட்டுத் தரையையும் உயர்த்தினோம். மாடி இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. இன்றும் எந்த வீடாவது காலியாகி ஆள் பார்க்க வந்தால், அவர்கள் கேட்கும் முன்பே கால்வாயைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். சிலர் போய்விடுகிறார்கள், கணவர் முணுமுணுக்கிறார். ஆனால் அன்று இத்தா தன் ஏலூர் வீட்டையே பணயம் வைத்துச் சொன்ன 'ஏறும்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, முகம் தெரியாத ஒருவரின் தூக்கத்தையும் சேர்த்துத்தான் நாம் வீடு கட்டுகிறோம் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போகவே இல்லை.