சோதிக்காமல் விட்ட தண்ணீர்

மகிமா பயந்த சுபாவக்காரி. ராயப்பன்பட்டியில் பிறந்து, மதுரையில் படித்து, ஆல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு சின்னமனூருக்கு வந்தவள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, கழிவை நீக்கித் திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற வேலை. ஊசி குத்தும்போது அவளுக்குப் பயம் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து காபி டம்ளரைப் பிடிக்கும்போதுதான் பயம் வரும். எந்தக் குழாயைச் சரியாக இறுக்காமல் வந்தோம், எந்த அலாரத்தைக் கவனிக்காமல் விட்டோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த நினைப்பிலிருந்து கொஞ்ச நேரம் விலகியிருக்கத்தான் தங்கமீன் வாங்கினாள். உருண்டைக் கண்ணாடி ஜாடியில் மூன்று மீன்கள். ஒரே வாரத்தில் மூன்றும் செத்துப்போயின. ஏன் என்று தேடிப் படித்தபோது விஷயம் புரிந்தது. தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற ஜாதி. சின்ன ஜாடியில் அந்தக் கழிவு அம்மோனியாவாகி மீனையே கொன்றுவிடும்.

"மனுசங்க ரத்தத்துல இருக்கிற கழிவை எடுக்கிறதுதான் என் பொழப்பு. வீட்டுல மூணு உசுரை அதுக கழிவுலயே சாக விட்டுட்டேனே" என்று ஆல்பர்ட்டிடம் சொல்லி அழுதாள்.

அதன்பிறகு மூன்றடித் தொட்டி வந்தது. ஃபில்டர் மாட்டி, அதில் அம்மோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியா வளரட்டும் என்று ஒரு மாதத்துக்கு மேல் மீன் இல்லாமலே ஓடவிட்டாள். பிறகுதான் நான்கு மீன்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுவாள். புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்து, குளோரின் போய்விட்டதா என்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுவாள். மருந்து விட்ட தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் பஞ்சைக்கூடக் குழாயில் அலசமாட்டாள், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் அலசுவாள். குழாய்த் தண்ணீர் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். இரண்டு வருடம் அந்த நான்கு மீன்களும் செழிப்பாக இருந்தன.

ஐப்பசி மாதம் விடாமல் மழை பெய்தது. முல்லைப் பெரியாறு செம்மண்ணாக ஓடியது. அப்படிப்பட்ட நாட்களில் குடிதண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகக் கலப்பது வழக்கம். ஒரு புதன்கிழமை விடியற்காலையில் மகிமா எழுந்து வந்தபோது ஆல்பர்ட் தொட்டிக்குப் பக்கத்தில் ஓஸ் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வாழைக்காய் மண்டிக்குக் கிளம்ப வேண்டியவன்.

"நீ அசந்து தூங்குன. பைப்புல தண்ணி நல்லா வந்துச்சு. தொட்டி கலங்கலாத் தெரிஞ்சதுன்னு நானே பாதித் தண்ணியை மாத்திவிட்டேன்" என்றான்.

"நேராப் பைப்புல இருந்தா?"

மீன்கள் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெரியது ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அதன் துடுப்பில் சிவப்புக் கீறல்கள். குனிந்ததும் பிளீச்சிங் நெடி மூக்கில் அடித்தது. மகிமா குளோரினை முறிக்கிற மருந்தைத் தொட்டியில் ஊற்றினாள். பிறகு குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டாள். வெளிர்மஞ்சளாகும் என்று எதிர்பார்த்தாள். ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்துக்குப் போனது.

அவள் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தாள். மீனுக்காக அல்ல.

மருத்துவமனைக்கும் அதே தண்ணீர்தான். அங்கே கரி நிரப்பிய ஒரு பெரிய ஃபில்டர் குளோரினை நிறுத்திவிடும். கரி தீர்ந்துபோனால் நிறுத்தாது. நிறுத்தாவிட்டால் குளோரின் ரத்தத்தில் கலந்து ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதனால் தினமும் நோயாளிகளைப் படுக்க வைப்பதற்கு முன்னால் கரியைத் தாண்டி வரும் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். எழுதும் பொறுப்பு மகிமாவுடையது. சோதனைப் பட்டைகள் தீர்ந்து ஒன்பது நாளாகியிருந்தது. ஸ்டோரில் கேட்டால் நாளைக்கு வரும் என்றார்கள். முதல்நாள் பயந்துகொண்டேதான் சைபர் என்று எழுதினாள். வீட்டில் இருக்கிற மீன்தொட்டிச் சொட்டு மருந்தை மறுநாள் எடுத்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மறந்துவிட்டாள். நான்காம் நாளிலிருந்து கை தானாகவே சைபர் போட்டது. இந்தப் புதன்கிழமை அவளுக்கு மத்தியான ஷிப்ட் என்பதால், காலைக்கும் சேர்த்து முந்தின நாள் மாலையே எழுதி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மணி ஆறு அடிக்கப் பத்து நிமிடம். முதல் ஷிப்ட் ஆறுக்குத் தொடங்கும். அங்கே காலை ஷிப்ட் பார்க்கும் டெக்னீஷியன் சுருளிராஜனுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போனால் போனைப் பெட்டியில் வைத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவமனை எண்ணையும் யாரும் எடுக்கவில்லை.

சொட்டு மருந்துப் புட்டியை நைட்டிக்கு மேல் போட்ட சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மேகமலை ரோடு பிரிகிற இடத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்று ஆள் ஏற்றியது. ஆரன் அடித்தாள், கத்தினாள். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அரை நிமிடத்தில் அவளுக்கு முதல் ஷிப்டின் ஐந்து நோயாளிகளின் முகமும் வரிசையாக வந்தது. மாதாவே, இன்னும் யாருக்கும் போட்டிருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓட்டினாள்.

இரண்டு பேருக்குப் போட்டிருந்தது. நல்லகண்ணுவுக்கு அப்போதுதான். மலையம்மாளுக்குக் கால்மணி நேரமாகியிருந்தது.

"என்ன மகிமா, இந்நேரத்துல? நனைஞ்சு வந்திருக்க?" என்றார் சுருளிராஜன்.

"பம்பை நிப்பாட்டுங்கண்ணே! தண்ணியில குளோரின் ஏறிக் கிடக்கு!"

"நோட்டுல சைபர்னு இருக்கே?"

"அண்ணே, நிப்பாட்டுங்க!"

அவள் குரலைக் கேட்டு அவர் நல்லகண்ணுவின் இயந்திரத்தை நிறுத்தினார். மகிமா மலையம்மாளிடம் ஓடினாள். மலையம்மாள் வயல்வேலை செய்து உரமேறிய உடம்புக்காரி, சின்ன வலிக்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டாள். இப்போது நெற்றி முழுக்க வியர்வை.

"நெஞ்சை அடைக்குதுத்தா. முதுகெல்லாம் கடுக்குது. நான் இவுகளைக் கூப்பிடலாமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

உடம்புக்குத் திரும்பும் குழாயில் ரத்தம் எப்போதையும்விடப் பளிச்சென்று, அணுக்கள் உடைந்த மாதிரிச் சிவந்து இருந்தது. மகிமா பம்பை நிறுத்தி இரண்டு குழாயையும் கிளிப் போட்டு அடைத்தாள். சுருளிராஜன் வழக்கம்போலக் குழாயில் இருந்த ரத்தத்தை உள்ளே ஏற்றப் போனார்.

"வேண்டாம்ணே. அது கெட்ட ரத்தம். போகட்டும்."

பிறகு தண்ணீர் அறைக்குப் போனாள். கரி ஃபில்டரைத் தாண்டிய குழாயில் பிடித்து மருந்தைச் சொட்டினாள். மஞ்சள். கடைசிச் சுத்திகரிப்பையும் தாண்டி இயந்திரத்துக்குப் போகும் குழாயில் பிடித்தாள். அதுவும் மஞ்சள், கொஞ்சம் வெளிறிய மஞ்சள். உடனே டாக்டருக்குப் போன் அடித்தாள்.

டாக்டர் முத்துக்கருப்பன் இருபது நிமிடத்தில் வந்தார். மலையம்மாளுக்கு ஆக்சிஜன் வைத்து, இசிஜி எடுத்து, ரத்தத்தை லேபுக்கு அனுப்பினார். இயந்திரத்தில் சுழற்றித் தெளிய வைத்த ரத்தநீர் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது, ரோஸ் நிறத்தில் இருந்தது. அணுக்கள் உடையத் தொடங்கியிருந்தன. எவ்வளவு தூரம் போகும் என்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்றார். ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு நோட்டைப் புரட்டினார்.

"நேத்து வரைக்கும் சைபர்னு இருக்கு. இன்னைக்கும் சைபர். அப்ப ஒரே ராத்திரியிலயா கரி தீந்துபோச்சு?"

சுருளிராஜன் மகிமாவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பொய் வரவில்லை.

"நான் பாக்காம எழுதுனது சார். ஒம்பது நாளா. பட்டை இல்ல."

"பட்டை இல்லைன்னா ஷிப்டை நிறுத்தியிருக்கணும்ல?"

"ஆமா சார்."

அவர் நோட்டை மூடித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

அன்றைக்கு மத்தியானம் வரை மகிமா ஐசியூ கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளிருந்து நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பாள், கேட்கத் தைரியம் வராது. மலையம்மாளின் மகள் மாரீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீங்கதான் ஓடியாந்து நிப்பாட்டுனீகன்னு சொன்னாக" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மகிமா அந்தக் கையை விடுவிக்கவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் முடியாமல் குனிந்தே இருந்தாள். இரண்டு மணிக்கு, இனி பயமில்லை, சிவப்பணு மேற்கொண்டு குறையவில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். நல்லகண்ணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குப் போனபோது இரண்டு மீன்கள் செத்திருந்தன. ஆல்பர்ட் மண்டிக்குப் போகாமல் தொட்டியருகே உட்கார்ந்திருந்தான். அவனைத் திட்டாமல் அவள் செத்த மீன்களை வலையில் அள்ளினாள்.

டயாலிசிஸ் பிரிவை நான்கு நாள் மூடி, கரியை மாற்றினார்கள். நோயாளிகளைத் தேனிக்கு அனுப்பினார்கள். மகிமாவை ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் அவளே தேனிக்குப் போய் மலையம்மாளின் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

மலையம்மாள் தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"காப்பாத்துனதும் நீங்கிற, பாக்காம விட்டதும் நீங்கிற. நான் உன்னை எதை வச்சுத்தா நினைக்கிறது?"



ஒரு மாதம் கழித்து மருத்துவமனை அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னாலும் இரண்டு பேர் சேர்ந்து தண்ணீரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். மலையம்மாள் வாரம் மூன்று நாள் வருகிறாள். மகிமா கிட்டே போனால் முகத்தைத் திருப்புவதில்லை, பேரப்பிள்ளையைப் பற்றிக்கூடப் பேசுகிறாள். ஆனால் ஊசி போடும் நேரம் வந்ததும், "சுருளி தம்பி எங்கனத்தா?" என்று கேட்பாள். மகிமா போய் அவரை அழைத்து வருவாள்.