லண்டனில் பாட்டி, அல்வாலில் தாத்தா

இன்று ஆபீஸிலிருந்து அல்வாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் லண்டனிலிருந்து மகள் கம்ப்யூட்டரில் வந்துவிட்டாள், மடியில் பேத்தியோடு.

பேத்தி என்னை எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குள் ரொம்ப நாளாகப் பேச்சு. 'பாட்டி'யைச் சம்பந்தியம்மா முதலிலேயே எடுத்துக்கொண்டார். 'கிரானி' எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ரிட்டயர்கூட ஆகவில்லை. 'கிராண்ட்மா' குழந்தை வாயில் நுழையாது.

கடைசியில் மகளே சொன்னாள்: "இங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பாட்டியை 'நானா'ன்னுதாம்மா கூப்பிடுதுங்க. அதையே சொல்லிக் கொடுக்கறேன்."

சரி என்றேன்.

இன்று குழந்தை திரையைத் தொட்டுத் தெளிவாக, "நானா" என்றது.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் பாய்ந்து வந்தார். ராணுவப் பணிமனையில் காலமெல்லாம் இந்திக்காரர்களோடு வேலை பார்த்தவர். இந்தியில் நானா என்றால் அம்மாவின் அப்பா.

"ஹவ் பேட்டா, ஆமாண்டா கண்ணு, நானாதான்! பாத்தியாடி, என்னைத்தான் முதல்ல கூப்பிடுது!" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அப்பா, அது வந்து..." என்று மகள் ஆரம்பித்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு மனசும் வரவில்லை.

இப்போது சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் குக்கர் விசிலுக்குக் காத்தபடி இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு நல்ல பெயராகச் சொல்லுங்கள். எந்த மொழியிலும் அது தாத்தா இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.