அண்ணனின் அரைஞாண்

டென்மார்க்கில் ஐம்பது வயதானவர்களுக்கு அரசாங்கம் தபாலில் ஓர் உறை அனுப்புகிறது. உள்ளே ஒரு சின்னக் குச்சி, ஒரு குப்பி, திருப்பி அனுப்ப இன்னோர் உறை. மலத்தில் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் அடைத்துத் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருந்தால் குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடித்துவிடலாமாம். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வருகிற பெட்டியில் இது வந்து கிடந்ததே எனக்குக் குமட்டியது. விரல் நுனியால் தூக்கிக் கழிப்பறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பக்கத்து வீட்டு பீர்கிட் ஒரு நாள் காப்பிக்குக் கூப்பிட்டு, கேக்கை வெட்டிக்கொண்டே, "உன்னுடையதை அனுப்பிவிட்டாயா?" என்றாள். ஏதோ வரிக் கணக்கைக் கேட்கிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் போன மாதமே" என்றேன். "எனக்கு முதல் தடவை குச்சியில் சரியாக ஒட்டவில்லை" என்று அவள் விவரிக்கத் தொடங்கினாள். வாயிலிருந்த கேக்கை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நாங்கள் அந்தச் சொல்லையே வாயில் எடுக்காத வீட்டில் வளர்ந்தவர்கள். கல்லிடைக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் இதில் எல்லோரையும் விட ஒரு படி மேல். கழிப்பறைக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். அப்படிப்பட்டவருக்கு மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மதினி போனில் அழுதாள். "பொட்டியில பாதி வேட்டியைக் காணோம் தம்பி. எங்கன போவுதுன்னு கேட்டா, வெளுக்கப் போட்டிருக்குன்னு சொல்லுவாவ. மாசம் தவறாம அமாவாசைக்குப் பாபநாசம் போனாவளே, அதுக்குத்தான்னு இப்பல்லா தெரியுது."

பாபநாசம் படித்துறையைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பாவம் போகும் என்று சனங்கள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகிற இடம். காலை வைத்தால் மணல் தட்டுப்படாது, அழுகின பழந்துணிதான் விரலில் சுற்றும். அண்ணன் கறைபட்ட வேட்டிகளைப் பையில் சுருட்டிக்கொண்டு போய், ஊரார் பாவத்தோடு சேர்த்துத் தாமிரபரணியில் விட்டிருக்கிறார். அதே தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊரெல்லாம் குடிக்கிறது. கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது, அவர்மேலும், அந்தத் துறையின்மேலும், மலம் என்று சொல்லக் கூசி உயிரை விடத் துணிகிற எங்கள் சுத்தத்தின்மேலும்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது, குழாய் விட்டுப் பார்த்து, குடலின் கடைசி வளைவில் புற்றுக்கட்டி என்று உறுதி செய்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். குடல் சுவரோடு நிற்கிறதா, பக்கத்து நெறிக்கட்டிகளுக்கு ஏறிவிட்டதா, ஈரலிலோ நுரையீரலிலோ விழுந்துவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் கத்தி. "ஈரல் சுத்தமா இருந்தா உடனே எடுத்துரலாம்" என்றார் டாக்டர்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். வெறும் வயிற்றோடு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதிரே டி.வி.யில் யாரோ மட்டன் சுக்கா வதக்கிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தரையில் கணுக்கால் நனையத் தண்ணீர். குடலில் படம் தெளிவாக விழுவதற்காகக் கொடுத்த மருந்துத் தண்ணீரை அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார். பாதியைக் கக்கினார். என் சட்டையில்தான் பட்டது.

உள்ளே கூப்பிட்ட பெண், கவுனுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "ஐயா, இடுப்புல வெள்ளி அரைஞாண் கெடக்கே, கழட்டிருங்க. படத்துல கோடு கோடா விழுந்து கட்டி இருக்க எடத்தையே மறைச்சிரும்."

"அது கழட்டப்படாதும்மா. செத்தவன் இடுப்புலருந்துதான் அறுப்பாங்க."

"பிடிவாதம் பண்ணாதிய. உயிரா, கயிறா?" என்று நான் கத்தினேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏலே, சட்டையைத் தூக்கு" என்றார். "எங்கம்மா பெத்த இன்னொரு ஒடம்புல கெடந்தா அது கழட்டுன கணக்கு இல்ல."

அவரே கொக்கியை எடுத்தார். கொக்கிக்கு அப்பால் ஒரு சாண் சங்கிலி வாலாகத் தொங்கியது. வயிறு ஒட்ட ஒட்ட, யாருக்கும் தெரியாமல் கண்ணி கண்ணியாக உள்ளே தள்ளி மாட்டிக்கொண்டே வந்திருக்கிறார். எனக்குக் கடைசிக் கண்ணியில்தான் எட்டியது. டேனிஷ் வெண்ணெய் வளர்த்த வயிறு. கண்ணிகளின் இடுக்கில் கறுப்பாக அழுக்கு, வேர்வைப் பிசுபிசுப்பு, அவர் உடம்புச் சூடு. என் தோல் கூசிச் சுருங்கியது. டென்மார்க் போன முதல் வருஷமே நீச்சல்குளத்து உடைமாற்றும் அறையில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று என் அரைஞாணைக் கழற்றிப் போட்டவன் நான்.

டென்மார்க்கில் ஒருவருடைய ஸ்கேன் படம் டாக்டரின் கணினியோடு இருக்கும். எங்கள் ஊரில் பெரிய உறையில் வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்குகிறது. மதினியின் அண்ணன் மிக்சர் தின்ற கையோடு அதை உருவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். "என்ன வே, கருப்பா இருக்கே, இதுதானா?"

"அது குடல்ல இருக்க காத்து அண்ணாச்சி" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஈரலின்மேல் எண்ணெய்க் கட்டைவிரலை ஊன்றிவிட்டு, மறுபடி மிக்சருக்குப் போனார். மதினி முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மனிதரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது.

ஈரலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. இப்போது வெட்டுவதற்கில்லை என்றார் டாக்டர். சில மாதம் மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்ப்பது, திரும்பப் படம் எடுப்பது, சுருங்கியிருந்தால் ஆபரேஷன். "கூடப்பிறந்தவங்களும் குடலைப் பாத்துக்கிடணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு லீவு முடிந்தது. கிளம்பும்போது, ஸ்கேன் அன்றிலிருந்து என் இடுப்பிலேயே கிடந்த அரைஞாணைத் திருப்பிக் கொடுக்கக் கழற்றப் போனேன். அண்ணன் கையைப் பிடித்தார்.

"கெடக்கட்டும்லே. ஆபரேஷன் அன்னைக்கும் கழட்டச் சொல்லுவான். இன்னொரு தடவை கழட்ட என்னால ஆவாது. வெட்டி முடிச்சப்புறம் நீயே வந்து கட்டிவிடு. அதுவரைக்கும் எறக்கிராத, என்ன?"

"சரிண்ணே" என்றேன்.

டென்மார்க் திரும்பி டாக்டரிடம் அண்ணன் கதையைச் சொன்னதும், அலமாரி உறைக்கு வேலையில்லாமல் போய்விட்டது. நேராகக் குழாய்ப் பரிசோதனைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். குடல் கழுவும் உப்புத்தண்ணீரை முந்தின நாள் முழுக்கக் குடித்து, என் உள்ளேயிருந்து வந்ததையெல்லாம் பார்த்து, என்னையே எனக்குப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவர் வெள்ளை, தரை வெள்ளை, ஒரு வாடை இல்லை. அந்தச் சுத்தமும் எனக்குக் குமட்டலாகத்தான் இருந்தது.

நர்ஸ் என் இடுப்பைப் பார்த்தாள். "உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. இது என்ன?"

"என் அண்ணனுடையது."

அவள் முகம் இளகியது. என் தோளைத் தொட்டு, "வருந்துகிறேன். எப்போது இறந்தார்?" என்றாள்.

"இறக்கவில்லை. அதற்காகத்தான் கட்டியிருக்கிறேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்து, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்றை நீட்டினாள். "இதில் போடுங்கள், பத்திரமாக இருக்கும்."

கடைசிக் கண்ணியில் விரலை வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் சட்டையைத் தூக்க நான் இருந்தேன். எங்கம்மா பெற்ற இன்னொரு உடம்பு கல்லிடைக்குறிச்சியில் கையில் மருந்து ஊசியோடு படுத்திருக்கிறது. அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள்.