பாலத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேர்

நம்பாதவங்க இத்தோட நிறுத்திக்கலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாங்காக்ல பதினாலு வருஷமா சுற்றுலா வழிகாட்டியா இருக்கேன். வர்றவங்களைப் பயமுறுத்த நானே பத்துப் பேய்க் கதை கட்டிவிட்டிருக்கேன். இது அதுல சேராது. இது எனக்கே நடந்தது.

போன மழைக்காலம். வடகிழக்குல இருக்கிற ரொய்எட் ஊர்லேருந்து வேன்ல பதினோரு பேர் வந்தாங்க. ரெண்டு நாள் பயணம். அரண்மனை, படகு, சந்தை. அதுல புவாக்காம்னு ஒரு அம்மா, ஐம்பத்தெட்டு வயசிருக்கும். எதையும் நிமிர்ந்து பார்க்கலை, ஒரு போட்டோ எடுக்கலை. முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுல 'ஏம்மா பொண்ணு'ன்னு என்னைத் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாங்க. அவங்க மக கேசோன் இங்கே தையல் கம்பெனியில வேலை பார்த்தவ. எட்டு மாசம் முன்னாடி, ஆத்துக்கு அக்கரையில ஒரு நாற்சந்தியில லாரி மோதிச் செத்துட்டா. உடம்பு ஊருக்கு வந்துடுச்சு. அவ வரலை. கூட்டிட்டுப் போகத்தான் இந்த மலிவுப் பயணத்துல சேர்ந்தாங்களாம். அந்த நாற்சந்தியில பத்து நிமிஷம் வேனை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாங்க.

முடியாதுன்னுட்டேன். ஆவியை ஏத்தின வேன்ல அடுத்து எவன் ஏறுவான்? டிக்கெட்டுல அரண்மனை இருக்கு, ஆவி இல்லைன்னு கிண்டலா வேற சொன்னேன்.

எங்க தாய்லாந்து ஆளுங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. வழியில செத்தவங்களைக் கூட்டிட்டுப் போறப்ப, ஒவ்வொரு திருப்பத்தையும் பாலத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போகணும். சொல்லாம விட்டா அங்கேயே நின்னுடுவாங்க.

மறுநாள் அக்கரைக் கோயிலைப் பார்த்துட்டு ஊருக்குத் திரும்புறோம். சாயங்காலம் 4:07. அதே நாற்சந்தி. சிவப்பு விளக்கு. புவாக்காம் ஜன்னலோரம் குனிஞ்சாங்க.

"கேசோன், அம்மா வந்திருக்கேன். ஏறிக்கோடி."

சர்ர்ர்... வேன் கதவு திறந்துச்சு.

டிரைவர் உத்தென் என்னைப் பார்த்தார். பட்டனைத் தான் தொடவே இல்லைன்னார். கதவு தானாவே மூடிக்கிச்சு.

விரலை நீட்டி எண்ணினேன். பன்னிரண்டு. திரும்பவும் எண்ணினேன்... பன்னிரண்டுதான். எந்த முகம் புதுசுன்னு மட்டும் பிடிபடவே இல்லை.

கடைசி சீட்டுல 'க்ளிக்'னு ஒரு சத்தம். யாரோ பெல்ட் போட்டாங்க. அந்த சீட்டுல நாங்க பெட்டிதான் அடுக்கியிருந்தோம்.

புவாக்காம் அழுதுகிட்டே சொல்லிக்கிட்டு வந்தாங்க. இடது பக்கம் திரும்புறோம்டி, கடைத்தெரு வருது, கூடவே வா. முன்சீட்டுல இருந்த வாத்தியார் ஒருத்தர் சத்தம் போட்டார், அவர் பிள்ளை பயப்படுதாம். எனக்கும் பயம்தான். பயத்துல எனக்குக் கோபம்தான் வரும்.

"பெரியம்மா, போதும். வாயை மூடிட்டு வாங்க. இல்லைன்னா இங்கேயே இறக்கி விட்டுடுவேன்."

அவங்க துண்டை வாயில அழுத்திக்கிட்டாங்க.

4:21. ஆத்துப் பாலத்துல ஏறினோம்.

பாலம் வருதுன்னு யாரும் சொல்லலை.

பின்னால... 'க்ளிக்'.

4:24. பாலம் இறங்கினோம். எண்ணினேன்.

பதினொண்ணு.

அப்பாடான்னு இருந்துச்சு. இப்பச் சொல்லவே கூசுது, ஆனா அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. இந்த எண்ணிக்கை விஷயத்தை நான் உத்தென்கிட்டகூடச் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை.

ஒன்பது நாள் கழிச்சு புவாக்காம் போன் பண்ணினாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தினமும் கனவுல கேசோன் வர்றாளாம். பாலத்து நடுவுல நிக்கிறாளாம். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலையாம்.

"ஒரே கேள்வியைத்தான் கேக்குறாம்மா. எனக்குப் பதில் தெரியலை. நீதான் சொல்லணும்."

என்ன கேக்குறான்னு கேட்டேன்.

"'அந்த அக்கா என்னையும் சேர்த்துத்தானேம்மா எண்ணினாங்க... அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனீங்க?'ன்னு கேக்குறா."