தவளை கத்தாத மழை நாட்கள்

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அவளை ரெட்டைப்படிப்பு என்றுதான் சொல்வார்கள். விலங்கியலில் முனைவர் பட்டம், அப்புறம் புள்ளியியலில் இரண்டு வருஷப் பயிற்சி. படித்தபோது தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். துறைக்குத் துறை சுவர் எழுப்பி உட்கார்ந்திருந்த காலம் மலையேறிவிட்டது என்று மேடைதோறும் முழங்கினார்கள். முழங்கியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அறை இருந்தது. இவளுக்கு நடைவழிக் கோடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு மேஜை. மதியம் டப்பாவைத் திறந்தால் பேச்சுத்துணைக்கு அந்த இயந்திரத்தின் உறுமல்தான். நாற்பத்தொரு வயதிலும் ஒப்பந்த வேலை. இந்த வருஷம் நிரந்தரமாகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் தவளை விவகாரம் வந்தது. விலங்கியல்காரர்கள் ஆறு வருஷமாக ஓர் ஏரிக்கரையில் தவளைக் குரல்களை எண்ணி அட்டவணை போட்டிருந்தார்கள். புள்ளியியல்காரர்கள் அதைக் கணினியில் போட்டு அரைத்து, அங்குள்ள தவளைகள் மழை நாளில் வாயே திறப்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அடக் கடவுளே, எந்தத் தவளை மழையில் மௌனவிரதம் இருக்கிறது! கணினியே சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது என்று விலங்கியல்காரர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். கட்டுரை அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தது.

அவள் மாணவியாக அந்த ஏரியில் முழங்கால் சேற்றில் நின்றவள். ஏரிக்கரையில் குறிப்பு எடுக்கும் உதவியாளரிடம் நேரே போனாள்.

"மழை நாள்ல என்ன எழுதுவீங்கண்ணே?"

"ரோடே முங்கிடுமேம்மா, எங்க போறது? கட்டத்தச் சும்மா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. அதான் சைபர் போட்டுருவேன்."

போய்க் காதுகொடுத்தும் தவளை கத்தாத நாளும் சைபர், போகவே போகாத நாளும் சைபர். இதைப் பிடிக்கச் சேறும் தெரிந்திருக்க வேண்டும், கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினாள். இரண்டு துறைகளின் மானமும் தப்பியது.

"நீங்க இல்லன்னா நாறிப்போயிருப்போம்மா" என்றார் விலங்கியல் தலைவர். புள்ளியியல் தலைவர் எழுந்து நின்று கைகொடுத்தார். அந்தச் சூட்டோடு சூடாக, நிரந்தர வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று இருவரிடமும் கேட்டாள். ஒரு கடிதம் போதும். அதற்கென்ன, தாராளமாக என்றார்கள் இருவரும். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

சில வாரம் கழித்து விசாரிக்கப் போனபோது அலுவலக எழுத்தர் கோப்பை இரண்டு தடவை புரட்டினார். "உங்களுக்கு லெட்டர் ஒண்ணும் வரலையே மேடம். கடைசித் தேதி முந்தாநாள்."

விலங்கியல் தலைவர் பதறிவிட்டார். "இப்ப நீங்க புள்ளியியல் ஆளாச்சே, அவர் எழுதிருப்பாருன்னு நெனச்சேன்மா."

புள்ளியியல் தலைவரும் அப்படியேதான் நினைத்திருந்தார். இருவருக்கும் உண்மையிலேயே வருத்தம். கோபப்படக்கூட அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள். "என்னடி ஆச்சு? யாருடி குறுக்க நின்னா?"

"யாருமே நிக்கலக்கா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.