மேசை ஒன்று... கதிரை எத்தனை?

போன வெள்ளிக்கிழமை காலை, கற்பிட்டியிலிருந்து வந்த தனியார் பஸ் ஒன்று எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றது. அங்கே பஸ் ஹோல்ட் இல்லை. இறங்க ஒருவரும் இல்லை. பிறகு ஏன் நின்றது?

காரணம், கேட்டடியில் ஒருவர் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் கிளென். வயது எழுபத்தாறு. ஊர் டெக்சாஸ். அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான் — பஸ்ஸைப் பார்த்துச் சுட்டுவிரலை உயர்த்தினார்.

அவருடைய ஊரில் அதற்கு சலாம் என்று பொருள். நீண்ட நாட்டுப்புற வீதிகளில் எதிரே ஒரு வாகனம் வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்களாம். தெரிந்தவரா, தெரியாதவரா என்ற பேதமெல்லாம் கிடையாது. அறுபது வருடப் பழக்கம். கற்பிட்டி வீதியில் மட்டும் எப்படி விடுவார்?

எங்கள் வீதியில் விரலைத் தூக்கினால் பஸ் நிற்கும்.

"எங்க போறது, தொர?" என்றார் கொண்டக்டர்.

கிளென் மரியாதையாக மறுபடியும் விரலைத் தூக்கினார்.

"ஒரு ஆள்தானே? ஏறுங்க, ஏறுங்க!"

ஏறிவிட்டார்! ஏன் ஏறினீர்கள் என்று மாலையில் கேட்டேன். "இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறவருக்கு எப்படி முடியாது என்று சொல்வது?" என்றார். பாலாவிச் சந்தியில் இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்து, கடைக்காரருடன் சைகையிலேயே அரை மணித்தியாலம் கதைத்து, இன்னொரு பஸ்ஸுக்கு விரலைத் தூக்கித் திரும்பி வந்திருக்கிறார். அவ்வளவுதான் பயணம். சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் போல இருந்தது.

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நான் நுரைச்சோலைப் பக்கம் காற்றாலைகளில் வேலை செய்யும் மின் பொறியியலாளர். சில வருடங்களுக்கு முன் புதிய காற்றாலைகள் நிறுவியபோது ஆலோசகராக வந்தவர் கிளென். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கினார். வேலை முடிந்து போனார். பிறகு மனைவி மௌத்தாகி, அவர் தனியாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அதற்கு அடுத்த நவம்பரில் அவரே வந்தார். அன்றிலிருந்து கடல் அடங்கி டொல்பின்கள் வரும்போது கிளெனும் வருவார்.

இது கடைசித் தடவை. முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு இவ்வளவு நீண்ட விமானப் பயணம் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

ஆகவே பட்டியலோடு வந்திருந்தார். ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி, மாடி ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருந்தார். நானும் பட்டியல் இல்லாமல் கடைக்குக்கூடப் போகாதவள்... எங்களைப் போன்றவர்கள் ஒருவரையொருவர் சீக்கிரமே கண்டுபிடித்துக்கொள்வோம்!

டொல்பின் பார்ப்பது. உப்பளத்து வரம்பில் மாலையில் உட்கார்ந்திருப்பது — கடல்நீர் தேங்கும் களப்பின் உப்பு மணம் அவருடைய ஊர்க் கடற்கரை மணம் போலவே இருக்கிறதாம். கடற்கரையில் நின்று சுழலாத காற்றாலைகளை எண்ணி, எனக்குப் போனில் கோல் எடுத்து "உங்கள் ஏழாம் நம்பர் தூங்குகிறது" என்று கேலி செய்வது. என் உம்மாவுக்கு டெக்சாஸ் முறையில் மாட்டிறைச்சி சமைத்துக் கொடுப்பது. இப்படிப் போனது பட்டியல்.

ஆறாவதில் மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்: "சஹனில் சாப்பிட வேண்டும்."

எங்கள் கலியாண வீடுகளில் பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய தட்டு வைத்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். கிளென் எத்தனையோ கலியாணங்களுக்கு வந்திருக்கிறார். ஒரு தடவையாவது சஹனில் சாப்பிட்டிருக்கிறாரா? இல்லை. வந்தவுடன் வீட்டுக்காரர்கள் ஓடி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய், உள்ளே குளிரூட்டிய அறையில் தனி மேசை, தனித் தட்டு, கரண்டி! எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அவருடைய சாப்பாடு துணி மூடிய தட்டில் மாடிக்குப் போகும். விருந்தாளியைக் கனம் பண்ணுகிறோம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தோம்.

அந்த மாட்டிறைச்சி சமைத்த நாளில்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்து அடுப்பாக்கி, தேங்காய் மட்டைப் புகையில் மாட்டின் நெஞ்சிறைச்சியை விடியற்காலைச் சுபஹோடு வைத்தார். பத்து மணிக்கு உம்மா எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தார். மூன்று மணிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் வேகலயா? குக்கர்ல போட்டா ஆறு விசில். அந்தாளுக்குச் சொல்லு மகள்."

சொன்னேன். கிளென் புன்னகைத்து இன்னொரு மட்டையைப் போட்டார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பிறகு இறக்கினார். உம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார்... உடனே இன்னொரு துண்டை எடுத்தார். என் உம்மா இரண்டாவது துண்டு எடுப்பது பல்கலைக்கழகப் பட்டத்தை விடப் பெரியது. கடைசியில், "கேஸாவது மிச்சம்" என்றார்.

அன்றுதான் கிளென் கதை சொன்னார். அவருடைய ஊர்த் தேவாலயத்தில் மாதம் ஒரு தடவை நீண்ட மேசைகள் போட்டு, வீட்டுக்கு ஒரு கறி கொண்டுவந்து, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்களாம். அவர் மனைவி கொண்டுவரும் பாத்திரம் முதலில் காலியாகிவிடுமாம். இப்போது?

"இப்போது சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றபடி, சட்டியிலிருந்தே சாப்பிட்டுவிடுவேன். கழுவுவதற்கு ஒரு தட்டுக் குறைவு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஒன்பதாயிரம் மைல் பறந்து வந்த மனிதரை நாங்களும் தனியாகத்தானே உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம்?

வாய்ப்பு ஒன்று மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதுரங்குளியில் என் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி வீட்டில் அவர் மகனின் வலீமா என்ற கலியாண விருந்து. அடுத்த வியாழன் கிளெனுக்கு விமானம். பந்தி பார்க்கும் பொறுப்பு என் வாப்பாவுடையது. நேரே அவரிடம் போனேன்.

"தொரய பாயில ஒக்கார வெக்கலாம் மகள். எழுப்புறதுக்கு ஒங்கட காத்தாடி தூக்குற கிரேன்தான் வேணும்."

அது உண்மை. அவருடைய முழங்கால் தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்காது. காலை நீட்டி உட்காரலாமா? சோற்றுக்கு முன்னால் காலை நீட்ட முடியாது. மனிதரைக் கீழே இறக்க முடியாவிட்டால்...

"சஹன மேல தூக்குவம் வாப்பா."

"மேசைலயா? பெரியாக்கள் என்ன கதைப்பாங்க?"

"விருந்தாளிட ஆசை வாப்பா."

விருந்தாளி என்ற சொல்லுக்கு எங்கள் வாப்பாவிடம் மறுப்பு இல்லை. நான் உடனே விபரக்குறிப்பு ஒன்று தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மேசை — வட்டமானது, நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். கதிரை — கைப்பிடி இல்லாதது. இடம் — நிழல், படி இல்லாத பக்கம். வாப்பா கட்டைவிரல் அனுப்பினார். வேலை முடிந்தது!

முடிந்ததா?

ஞாயிறு பகல். பெண்கள் வீட்டுக்குள்ளே, ஆண்கள் முற்றத்துப் பந்தலில். நான் பக்கத்து அறை ஜன்னலால் பார்த்தேன். மேசை அளவு சரி. உயரம் சரி. நிழல் சரி. கதிரையிலும் கைப்பிடி இல்லை.

கதிரை ஒன்றுதான் இருந்தது.

என் குறிப்பில் கதிரை என்று இருந்தது. எத்தனை என்று இல்லை. நாலு வருடம் படித்து, தினமும் விபரக்குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான்...

வெள்ளைத் துணி விரித்த மேசை. டிஷ்யூவில் சுற்றிய கரண்டி. முகத்துக்கு நேரே ஃபேன். நடுவில், ஆறு பேருக்கான சோறு குவித்த சஹன். கனம் பண்ணுவதற்காக அவருக்குத்தான் முதலில் வைத்திருந்தார்கள். பின்னால் சாச்சாக்கள் இரண்டு பேர் காவலுக்கு நிற்பது போல நின்றார்கள். கிளென் அந்தச் சோற்று மலையைப் பார்த்தார். பாய்களில் ஆறு ஆறு பேராகச் சேர்ந்து, தோளோடு தோள் உரசி, சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்தார். அவர்களுக்கு மெதுவாக விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஒன்று கேட்கிறாராக்கும் என்று சாச்சா ஓடிப்போய் இன்னொரு கோழி கொண்டுவந்து வைத்தார்.

வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். முப்பதடி தூரத்தில் அவர் சட்டைப்பை பாடியது.

"வாப்பா, இன்னும் அஞ்சு கதிர!"

"என்னத்துக்கு?"

"ஆக்கள் ஒக்கார. அவருக்குச் சோறு இல்ல வாப்பா பிரச்சின. ஆக்கள்தான் இல்ல."

"எல்லாரும் பாயில ஒக்காந்துட்டாங்க புள்ள. இப்ப ஆரு எழும்பி வருவா?"

ஆனாலும் ஒரு தடவை திரும்பி கிளெனைப் பார்த்தார். என்ன கண்டாரோ... போனை வைத்துவிட்டுப் பந்தலின் நடுவுக்குப் போய்க் குரலை உயர்த்தினார்.

"தொர தனியத் திங்கிறார். கூட இருந்து சாப்புட ஆக்கள் வேணும். மேசைல!"

பாய்களில் தலைகள் திரும்பின. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எழும்பியவர் காசிம் ஹாஜியார். படகுக்காரர், எழுபது தாண்டியவர். ஒரு கை பாயில், மறு கை பக்கத்தில் இருந்தவரின் தோளில். "யா அல்லாஹ்" என்று மூன்று தவணையில் நிமிர்ந்தார்.

"விருந்தாளி தனியத் திங்கப் படாது. நான் வாறன்."

அடுத்தது ரஷீத் சேர். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்.

"இங்கிலீஷ் கதைக்க ஓராள் வேணுமே!"

"ஹாஜியாருக்குத் தொணைக்கி நான்" என்று மூன்றாமவர் எழும்பினார். நாலாமவர் காரணம் சொல்லக்கூட நிற்கவில்லை, நேரே கதிரையைத் தேடிப் போனார். எழும்பிய நாலு பேரும் அறுபத்தைந்துக்கு மேல். நாலு பேரும் எழும்பும்போது முழங்காலில் கையை ஊன்றினார்கள். நாலு பேரும் முழங்காலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை!

ஐந்தாவது கதிரை?

அங்குமிங்கும் பார்த்துவிட்டு, பந்தி பார்க்கும் பொறுப்பைச் சாச்சாவிடம் கொடுத்துவிட்டு, அதில் உட்கார்ந்தவர்... என் வாப்பா. அவருக்கும் முழங்கால் வலி இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

கரண்டி மேசையை விட்டுப் போனது. கை கழுவினார்கள். ஒரு சிட்டிகை உப்பைத் தொட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார்கள். சஹனில் அவரவர் தமக்கு முன்னால் உள்ளதைத்தான் சாப்பிட வேண்டும். கிளெனுக்கு அது தெரியுமா? உற்சாகத்தில் அவர் கை ஹாஜியாரின் பக்கம் வெகுதூரம் போய்விட்டது. ஹாஜியார் சோற்றில் விரலால் ஒரு கோடு கிழித்தார்.

"சேர், தொரக்கிச் சொல்லுங்க. இதுதான் வேலி. அவர்ர காணி அந்தப் பக்கம்."

ரஷீத் சேர் மொழிபெயர்த்தார். வேலி என்றால் டெக்சாஸ்காரருக்கு விளங்காதா? "எங்கள் ஊரில் வேலி தாண்டினால் துவக்கை எடுத்துச் சுட்டுவிடுவார்கள்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேசை குலுங்கச் சிரித்தார்கள். ஹாஜியார் கோழியின் நல்ல துண்டைப் பிய்த்து, தான் கிழித்த கோட்டுக்கு மேலால் தள்ளினார்.

"எடுக்கத்தான் ஏலாது. குடுக்கலாம்."

கிளென் ஒரு கணம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பக்கத்து இறைச்சியைப் பிய்த்து, வாப்பாவின் வேலிக்கு மேலால் தள்ளினார். வாப்பா தள்ளியது ரஷீத் சேருக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்த மேசையில் வேலியே இல்லை. கிளெனின் சட்டையில் பாதிச் சோறு இருந்தது. மற்றப் பாய்களெல்லாம் எழும்பிய பிறகும் அந்த ஆறு பேரும் எழும்பவில்லை.

கை கழுவும்போது ஹாஜியார் வாப்பாவின் காதில், "தம்பி, இந்த மேச நல்ல வசதி" என்றார். பிறகு அவசரமாகச் சேர்த்தார்: "விருந்தாளிக்கி."

அன்று மாலை மாடி ஃபிரிஜ்ஜில் ஆறாவதுக்கு எதிரே ஒரு சரி அடையாளம் விழுந்தது. மஞ்சள் கறை படிந்த விரல் அடையாளமும் சேர்த்துத்தான். துணி மூடிய தட்டு இப்போது மாடிக்குப் போவதில்லை. மூன்று நாளாகக் கிளென் கீழே வந்து வாப்பாவுடன் சாப்பிடுகிறார். இருவரும் கதிரையில்.

நேற்று வாப்பாவுக்கு ஒரு கோல். கரைத்தீவிலிருந்து, பழக்கமே இல்லாத ஒருவர். அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணமாம். அந்த மேசையின் அளவு வேண்டுமாம்.

"அவர் வியாழக்கெழம ஊருக்குப் போறாரே" என்றார் வாப்பா.

"தொர இல்லாட்டிப் பரவால்ல. மேச வேணும்."

அளவு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை முதல் வரியிலேயே எழுதினேன்: கதிரை — ஆறு.